சுறா வாங்கிய அம்மா

சரக், சரக். செதில் சுரண்டும் சத்தம் எந்தத் தெருவில் கேட்டாலும் மும்பை செம்பூர் மீன் சந்தையில் கழித்த எட்டு மாதங்கள் என் முன்னால் வந்து நின்றுவிடுகின்றன. எனக்கு அவற்றைச் சத்தத்தால்தான் கொண்டுவர முடியும். தாராவியில் தோல் பை ஒட்டும் பட்டறையில், இருபது வருடம் சொல்யூஷன் பசை டப்பாவின் மேல் குனிந்திருந்ததில் என் மூக்கு செத்துப்போயிருந்தது.

பட்டறையை மூடியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. ஓட்டல், வாட்ச்மேன் வேலை, எதிலும் கால் தரிக்கவில்லை. கடைசியில் செம்பூரில் மீன் விற்ற தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்ணிடம் தொழில் பழகச் சேர்ந்தேன். என்னைவிடப் பத்து வயது இளையவள். மூக்கு விஷயத்தை மறைத்துவிட்டேன். சொன்னால் யார் சேர்த்துக்கொள்வார்கள்?

விரலாலும் கண்ணாலும் படித்தேன். செவுளின் சிவப்பு, கண்ணின் புடைப்பு, அழுத்திய குழி மேலெழும் வேகம். வஞ்சிரத்தை ஒரே கனத்தில் துண்டு போட நான்கு மாதம் பிடித்தது. கத்தியை அமுக்குவேன்.

"அண்ணாச்சி, மீன் ஏற்கெனவே செத்தாச்சு. திரும்பக் கொல்லாதீங்க" என்பாள்.

யாராவது வந்து புது மீனா என்று இந்தியில் "தாஜா ஹை க்யா?" என்றால் "ஏக்தம் தாஜா", ரொம்பப் புதுசு, என்பேன். பெரும்பாலும் அது உண்மையாகவே இருந்தது.

தோலுரித்து வைத்த சுறாவுக்கு மட்டும் செவுளும் இல்லை, கண்ணும் இல்லை. கெட்டால் முதலில் நெடிதான் வரும்.

ஒரு நாள் காலை அவள் டீ குடிக்கப் போயிருந்தாள். ஓர் அம்மா வந்து நின்றார்.

"பால் சுறா இருக்கா? மக பெத்திருக்கா. பச்ச ஒடம்புக்காரி, பால் பத்தல."

ஐஸுக்கு அடியில் கிடந்ததை எடுத்தேன். தொட்டேன். இறுக்கமாக, குளிர்ச்சியாக இருந்தது. கட்டிக் கொடுத்தேன்.

திரும்பி வந்தவள் பலகையருகே நின்றுவிட்டாள். "அடியில கெடந்த சுறா எங்க?"

"வித்தாச்சு."

"கொட்டணும்னு ஒதுக்கி வச்சதுல்லா அது. பலகையே இப்பிடி நெடி அடிக்கே, ஒங்களுக்கு வரலியா?"

அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். "எனக்கு எந்த வாடையும் வராதும்மா. வந்து வருசக்கணக்காச்சு."

அவள் முகத்தைப் பார்க்காமல் ஓடினேன். ஓடும்போது அந்த அம்மாவின் முகம் நினைவில் இல்லை; பச்சை உடம்பு என்ற சொல் மட்டும் இருந்தது. பஸ் ஸ்டாப்பில் எங்கள் கடைப் பையை மடியில் வைத்து அவர் உட்கார்ந்திருந்தார். மீனை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். பையைப் பிரித்து முகர்ந்தவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"சந்தைக்குள்ள எல்லாம் ஒரே வாடையாக் கெடந்தது, தெரியல. மண்டைக்கு ஏறுதே. வித்த ஒனக்குமா தெரியல?"

"தெரியலம்மா."

வேறு மீன் வேண்டாம் என்றார். பணத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

நான் திரும்பியபோது அவள் பலகையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"எட்டு மாசமா ஏன் சொல்லல?"

"சேத்திருக்க மாட்டியே."

"மாட்டேன்தான்." கொஞ்ச நேரம் தேய்த்தாள். "வெட்ட மட்டும் விட்டிருப்பேனோ என்னவோ. இனி நான் ஒங்கள நம்பி டீ குடிக்கப் போக முடியுமா, நீங்களே சொல்லுங்க."

ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்தேன்.

"கை நல்லா வந்துட்டு அண்ணாச்சி. அடுத்த கடையில மொதல்ல மூக்கப் பத்திச் சொல்லுங்க. அப்புறம் கத்தியத் தொடுங்க."

"சொல்லிருதேன், தங்கச்சி."