மஞ்சு அனுப்பிய ஒற்றைச் சொல்

என் பழைய லேப்டாப் செத்துவிட்டது என்று நம்பி, கெலவரப்பள்ளி அணைக்கரையில் அரைமணி நேரம் துக்கம் காத்தவன் நான்.

அதற்குப் பன்னிரண்டு வயது. இன்னும் எவ்வளவு தாங்கும் என்று சோதித்துச் சொல்ல, ஓசூரில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மஞ்சுவிடம் கொடுத்திருந்தேன். மகள் முதன்முதலாக நடந்த வீடியோ அதில் மட்டுமே இருந்தது.

மறுநாள் காலை அணை அருகே போகும்போது போன் சிணுங்கியது. வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் மஞ்சுவின் கன்னடம். "லேப்டாப் நிதன சார்" என்று படித்தேன். கண்ணீர் அஞ்சலி பேனர்களைப் பார்த்தே கன்னடம் கற்றவன் நான். நிதன என்றால் மரணம்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீரின் மேல் பனி மெல்ல நகர்ந்தது. அந்தப் பனிக்குள் என் மகள் தத்தித் தத்தி நடந்து மறைவதுபோல இருந்தது. மனைவிக்குப் போன் செய்து, "போயிடுச்சு" என்று விம்மினேன்.

"ஐயோ, யாருங்க?"

"லேப்டாப்பு."

"எங்கப்பாவோன்னு பதறிட்டேன். வீட்டுக்கு வாங்க, இருக்கு உங்களுக்கு!"

நேராக மஞ்சுவின் கடைக்குப் போனேன். அங்கே லேப்டாப் உறுமிக்கொண்டிருந்தது.

"ஆன் ஆக எட்டு நிமிஷம் சார். அதான் நிதானன்னு போட்டேன். ஸ்லோ சார், ஸ்லோ! எதுக்கு அழுவுறீங்க?"

அன்றே வீடியோவை மூன்று இடங்களில் பிரதி எடுத்தேன். இப்போதெல்லாம் மஞ்சுவின் செய்தி வந்தால் படித்து நம்புவதில்லை, போன் செய்து கேட்டுவிடுகிறேன். நிதன, நிதான இரண்டையும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரிதான் எழுதுகிறார். லேப்டாப் சாகவில்லை, மெதுவாக எழுந்தது, அவ்வளவுதான்.