தனம் கொட்டிய தண்ணீர்

பீர்க்கன்கரணை ஏரிப்பக்கம் எங்கள் வீட்டுக்கும் தனத்தின் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அவள் அடுப்பில் என்ன வேகிறது என்று என் மூக்குக்குத் தெரிந்துவிடும். புருஷனுக்குச் சத்தில்லாத சக்கையைப் போட்டே கொன்றுவிட்டாள் என்று அவள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்லித் திரிகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவளுடைய நாத்தனார் கங்கையம்மாளும் இந்தத் தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை.

தனத்தின் புருஷன் அப்பாதுரை மேடவாக்கம் அபார்ட்மெண்ட்டுகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டியவன். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து அவனுடைய இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டன. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றியவனுக்கு, குடிக்கிற தண்ணீரையே அளந்து கொடுக்க வேண்டிய நிலைமை. கறி மீன் இல்லாமல் ஒருநாளும் சாப்பிடாதவன், கவிச்சி வாடை அடித்தாலே குமட்டுகிறது என்று தட்டைத் தள்ளினான். முட்டையும் இறங்கவில்லை. அவன் கேட்டதெல்லாம் பயறு சூப் ஒன்றுதான்.

அந்த சூப்பை நானும் குடித்திருக்கிறேன். காராமணி, பச்சைப்பயறு, ஒரு பிடி கொள்ளு மூன்றையும் ஊறவைத்து வேகவைப்பாள். பாதியை அரைத்து, பாதியை முழுசாக விட்டு, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கிச் சேர்த்து, மிளகு சீரகம் தட்டிப் போடுவாள். ஒரு கிண்ணம் குடித்தால் அடுத்த வேளைச் சோறு வேண்டாம். பயறு வெந்த தண்ணீரை எந்த வீட்டிலும் கொட்டமாட்டார்கள். சூப்பில் சேராதது ரசமாகும். தனமும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள்.

டயாலிசிஸ் வார்டு நர்ஸ் ரோஸிதான் அதை மாற்றினாள். கறாரான பெண், யாருக்கும் பயப்படாதவள். "பயறே போடாதன்னு சொல்லல. கொஞ்சமாப் போடு. ஆனா ஊற வெச்ச தண்ணியக் கொட்டிடு, வேக வெச்ச தண்ணியயும் கொட்டிடு. பொட்டாசியம் எல்லாம் அதுலதான் எறங்குது. அது ரத்தத்துல ஏறிச்சின்னா நெஞ்சு அப்படியே நின்னுபோவும்," என்று சொல்லிக் கொடுத்தாள்.

தனம் அதை சாமி வாக்கு மாதிரி எடுத்துக்கொண்டாள். குக்கரைப் பரணில் ஏற்றினாள். பெரிய பானையில் தண்ணீரைத் தாராளமாக விட்டு, பயறு குழையும்வரை கொதிக்கவைத்து, ஒட்ட வடித்துவிட்டு, வேறு வெந்நீரில் சூப் வைத்தாள். தக்காளி கிடையாது, உப்பு பேருக்குத்தான். அப்பாதுரை ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னா தனம், பயறு தல முழுவிட்டு வந்தா மாரி கீது," என்பான். அவள் சிரிக்கமாட்டாள். கிண்ணம் காலியாகும்வரை எதிரிலேயே நிற்பாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு சரியாக வர ஆரம்பித்தது. வார்டில் மற்ற நோயாளிகளின் மனைவிமாரிடம் ரோஸி, "தனத்தப் பாத்து கத்துக்குங்க," என்று சொன்னாளாம். அதைத் தனம் கொல்லைச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "டீச்சர்" என்று கூப்பிட்டு என்னிடம் சொன்னாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை ஒருத்தர் பாராட்டி நான் கேட்டது அது ஒன்றுதான். முகம் எப்படிப் பூரித்துப் போயிருந்தது தெரியுமா.

கங்கையம்மாள் அப்பாதுரையின் அக்கா. கோவளத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்தவள். பிள்ளை குட்டி இல்லை, புருஷனும் இல்லை. தாய் செத்தபோது கைக்குழந்தையாக இருந்த தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவள். அவளுக்கு உலகமே அவன்தான். தம்பி துரும்பாக இளைத்துவிட்டான் என்று கேள்விப்பட்டுப் பஸ் ஏறி வந்தவள், வந்த அன்றே தனம் பயறு வடிப்பதைப் பார்த்துவிட்டாள்.

"சத்தயெல்லாம் சாக்கடையில ஊத்திட்டு சக்கய என் தம்பிக்குப் போடுறியா?"

"அவருக்கு அது ஆவாது அண்ணி. ஆஸ்பத்திரில கொட்டச் சொல்லிக்கிறாங்க."

"அவுங்களுக்கு இன்னா, எல்லாத்தயும்தான் ஆவாதுன்னுவாங்க."

நெஞ்சு நின்றுபோகும் என்பதைத் தனம் அவளிடம் சொல்லவில்லை. அப்பாதுரை அங்கேயே படுத்துக்கொண்டிருந்தான். அவன் காதுபடச் சாவைப் பற்றி எப்படிப் பேசுவாள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை, மாத்திரை வாங்கத் தனம் தாம்பரம் போனாள். சூப் தயாராக அடுப்பின்மேல் இருந்தது. வடித்த தண்ணீர் பானையோடு சிங்க் ஓரமாக இருந்தது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் கீழே இருக்கிற பிளாஸ்டிக் குழாய் வளைந்துபோகும் என்று, ஆறவிட்டுத்தான் எப்போதும் கொட்டுவாள். "ஒரு கிண்ணம் சூப்பு குடுங்க அண்ணி, அது போதும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கங்கையம்மாள் சூப்பை நாக்கில் வைத்துப் பார்த்து முகம் சுளித்தாள். பிறகு அந்தப் பானையைப் பார்த்தாள். புளி, தக்காளி, பூண்டு, கைநிறையக் கொத்தமல்லி போட்டு அந்தத் தண்ணீரை ரசமாக வைத்தாள். வாசனை என் வீட்டுக்கூடம்வரை வந்தது. அக்கா வந்திருக்கிறாள், தனக்கென்று சமைக்கிறாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் அப்பாதுரைக்குக் காலைத் தூக்க முடியவில்லை. பிறகு கையும் தொய்ந்தது. தனம் வந்து சேர்ந்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். பெருங்களத்தூர் தாண்டும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

உடலைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். விளக்கெடுக்கத் தனம் சமையலறைக்குள் போனாள், நானும் கூடவே போனேன். பானை கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. பக்கத்தில் அடியில் கொஞ்சம் ரசத்தோடு ஒரு பாத்திரம் இருந்தது.

"அண்ணி, இந்தப் பானையில இருந்த தண்ணி?"

கங்கையம்மாள் மார்பில் அடித்துக்கொண்டே வாசலிலிருந்து சொன்னாள்: "ரசம் வெச்சேண்டி. ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சான் என் ராசா. 'இன்னிக்குத்தான்க்கா நாக்குக்கு ருசி தெரியுது'ன்னான். என் கையால வயிறாரக் குடிச்சிட்டுத்தான் போயிக்கிறான்."

தனம் என்னைச் சமையலறை மூலைக்கு இழுத்தாள். அழுகை வரவில்லை. என் கையைப் பற்றி, "டீச்சர், அவங்களுக்குத் தெரியவே கூடாது," என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்போதே போய்க் கங்கையம்மாளை உலுக்கியிருப்பேன். தனம் கையை விடவில்லை. "வேணும்னேவா செஞ்சாங்க? பெத்தவ மாரி வளத்தவங்க. தெரிஞ்சா இன்னிக்கே ஏரில போய் உழுந்துருவாங்க," என்றாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குள் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. பெண்டாட்டி தண்ணீரும் சக்கையுமாகப் போட்டாளாம், அக்காதான் கடைசியாக வாய்க்கு ருசியாகக் கொடுத்தாளாம். படையலில் கங்கையம்மாள் அதே பயறு ரசத்தை டம்ளரில் வைத்துக் கும்பிட்டாள். வந்திருந்தவர்கள் தனத்தைப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். அவள் குனிந்த தலை நிமிராமல் இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

பந்தி ஆரம்பிக்கிற நேரத்தில் ரோஸி வந்தாள். டூட்டி உடுப்போடு, கையில் ஒரு மாலை. மாலையைப் படத்துக்குப் போட்டுவிட்டுத் திரும்பினாள். இலையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம், "பயத்தந்தண்ணி ரெண்டு டம்ளர் குடிச்சானாமே, அன்னிக்குத்தான் திருப்தியா குடிச்சானாம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரோஸி அப்படியே நின்றுவிட்டாள். தனத்தின் கையைப் பிடித்துத் துணிதுவைக்கிற கல் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தாள். நான் அங்கேதான் பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா தனம் பேசிக்கிறாங்க? யாரு குடுத்தா அந்தத் தண்ணிய?"

தனம் குனிந்து என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கப் போனாள்.

"யாருன்னு சொல்லு. எனக்குத் தெரியணும்."

யாரென்று தெரிந்தால் ரோஸி சும்மா போகிறவள் இல்லை. நேராகப் படையல் முன்னால் போய் அத்தனை பேருக்கும் எதிரில் கேட்டுவிடுவாள். அது தனத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வாயைத் திறந்தேன். தனம் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"நான்தான் சிஸ்டர் குடுத்தேன். ரொம்ப ஆசப்பட்டாரு."

ரோஸி அவள் கையை விட்டாள். "தெரியாதவங்க செஞ்சா பரவால்ல. நீ தெரிஞ்சி செஞ்சிக்கிற. உன்னப் போயி வார்டு பூராவும் சொல்லிகினு இருந்தேனே," என்றாள்.

தனம் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். ரோஸி திரும்பிப் பார்க்காமல் வெளியே போய் ஸ்கூட்டியை எடுத்தாள்.

கங்கையம்மாள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "யாருடி அது, ஒரு வாய்கூட சாப்புடாம போறாங்க?"

"ஆஸ்பத்திரி சிஸ்டர் அண்ணி. டூட்டிக்கு நேரமாச்சாம்," என்று சொல்லிவிட்டு, தனம் சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போனாள்.