கங்காணியின் தலைப்பாகை

அந்தத் தலைப்பாகையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு வந்த கோபம் தாத்தாவின்மேல். இப்போது வருவது வேறு கோபம்.

பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பள்ளிக்கூட நாடகத்துக்குத் தேர்வானவள் நான் ஒருத்திதான். அதுவும் அந்தக் காலத்துப் பெரிய கங்காணி வேஷம்! உடுப்பு அசல் மாதிரி இல்லாவிட்டால் வேஷம் வேறு பிள்ளைக்குத்தான் என்று டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். பாடப்புத்தகத்தில் தேயிலைச் செடி இருந்தது, துரை பங்களா இருந்தது. எங்கள் ஆட்களை அதட்டி வேலை வாங்கிய மனுஷனின் படத்தைத்தான் காணோம்.

அம்மா பதுளைக்குப் போய், நடைபாதையில் குவித்திருந்த பழைய துணியைக் கிளறி ஒரு கறுப்புக் கோட்டு எடுத்து வந்தாள். அதை எப்படிப் பிரித்துத் தைப்பது? தன் அப்பாவை, அதாவது என் தாத்தாவை, கேட்டாள். சிறு பிராயத்திலேயே மலைக்கு வேலைக்குப் போனவர் அவர். கண்ணால் பார்த்ததை அப்படியே ஒப்பித்தார். கோட்டு முழங்கால் வரை தொங்குமாம். வெள்ளிப் பொத்தான், வயிற்றுப் பக்கம் கடிகாரச் சங்கிலி, காலில் போட்ட சப்பாத்தின் முனையில் ஒரு மடிப்பு. வெள்ளிக்கு எங்கே போவது? தகரப் பொத்தானைச் சாம்பல் போட்டுத் தேய்த்தோம்.

“தலப்பா என்னா கலருப்பா? எப்புடிக் கட்டியிருப்பாங்க?”

“அது தெரியாதும்மா.”

“மீசை?”

“தெரியாது.”

சப்பாத்து மடிப்பு தெரியுமாம், தலைப்பாகை தெரியாதாம்! அம்மா தன் கல்யாணச் சேலையையே சுற்றிவிட்டாள். ஒத்திகையில் நான் பிரம்பை ஓங்கியதும் அது சரிந்து கண்ணை மூடியது. “இது கங்காணியா, கல்யாண மாப்பிள்ளையா?” என்றார் டீச்சர். கோட்டைக் கழற்றி ஒரு டவுன் பிள்ளைக்குக் கொடுத்தார். என் அம்மா தைத்த கோட்டு! எனக்குக் கிடைத்தது கொழுந்து பறிக்கிறவள் வேஷமும் ஒரு கூடையும்.

வீட்டுக்கு வந்து தாத்தாவின்மேல் பாய்ந்தேன்.

“பொத்தானெல்லாம் பாத்தீங்கதானே, தலைய மட்டும் ஏன் பாக்கல?”

“காலையில பெரட்டுல வேலைக்குப் பேரு கூப்புடுறப்போ தலகுனிஞ்சுதான் நிக்கணும் பாப்பா. நிமிந்தா பிரம்புதான்.”

“ஒரே ஒரு தடவ நிமிந்து பாத்திருந்தா என்னவாம்?”

தாத்தா குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.