பேர் உரித்த மாத்திரைகள்

செல்விக்கு முதலில் வலித்தது கண்ணுக்குப் பின்னால். பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தவள், சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு இரண்டு கண்களையும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்.

"தலையா வலிக்கு?" என்று கேட்டேன்.

"தலை இல்லங்க. கண்ணுக்குப் பின்னால. உள்ள இருந்து யாரோ தள்ளுத மாதிரி."

ரெண்டும் ஒன்றுதான் என்று நினைத்தேன். உங்கள் வீட்டில் யாராவது கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று சொன்னால் நீங்கள் அப்படி நினைக்காதீர்கள். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். தூத்துக்குடித் துறைமுகத்தில் பதினெட்டு வருஷம் கண்டெய்னர் லாரி ஓட்டினேன். என் மனைவி செல்வி எம்.எஸ்ஸி., பி.எட். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தபோது, முதுகுவலியால் நான் லாரியை விட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. அவளைத் தனியாக அனுப்ப எனக்குப் பயம். என்னைத் தனியாக விட்டுப் போக அவளுக்குப் பயம். இரண்டு பேருமாகக் கிளம்பினோம்.

பயப்படுவதில் என்னை யாரும் ஜெயிக்க முடியாது. லாரி ஓட்டிய காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு, தெருமுனை வரை போய், பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவேன். அப்படிப்பட்டவன் கடல் தாண்டிப் போகும்போது என்னவெல்லாம் எடுத்துப் போவான்? புளி, வத்தல், தைலம், இரண்டு டார்ச், டார்ச்சுக்குத் தனியாகப் பேட்டரி. எல்லாவற்றுக்கும் மேலே, காய்ச்சல் மாத்திரை இருபது செட்டு.

செட்டு என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். காய்ச்சல் என்றால் முதலில் மெடிக்கலுக்குத்தான் போவோம். கடைக்கார அண்ணாச்சி யாருக்கு, எத்தனை நாளாக என்று இரண்டு கேள்வி கேட்பார். பிறகு நாலு அட்டையிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து, சின்னக் காகிதக் கவரில் போட்டுத் தருவார். ஒரு வேளைக்கு ஒரு கவர். என்ன மாத்திரை என்று நாம் கேட்பதும் இல்லை, அவர் சொல்வதும் இல்லை. மறுநாள் எழுந்து வேலைக்குப் போய்விடலாம். லாரிக்காரனுக்கு வேறு என்ன வேண்டும்?

மாலத்தீவில் மருந்து கொண்டுபோனால் டாக்டர் சீட்டு கேட்பார்கள், கெடுபிடி அதிகம் என்று ஏஜென்சி ஆபீஸில் ஒருவர் சொல்லிவிட்டார். கிளம்புவதற்கு முந்தின நாள் உட்கார்ந்து எண்பது மாத்திரையையும் அட்டையிலிருந்து உரித்தேன்.

"என்ன பண்ணுதிய?" என்றாள் செல்வி.

"பேர் இருந்தாத்தானே கேள்வி கேப்பான்?"

"பேரே இல்லாத மாத்திரையப் பாத்தா சந்தேகப்பட மாட்டானா?"

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் முக்கால்வாசி உரித்தாகிவிட்டது. நிறத்துக்கு ஒன்றாக நாலு மாத்திரையைத் திரும்பக் கவரில் போட்டு, கவர்களை வத்தல் டப்பாவுக்குள் வைத்தேன். விமான நிலையத்தில் டப்பாவை யாரும் திறக்கவில்லை. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தத் தீவை இப்போது நினைத்தாலும் முதலில் வருவது மண்ணின் வெள்ளைதான். எங்கள் உப்பளத்து வெள்ளை கண்ணைக் குத்தும். அது குத்தாத வெள்ளை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் கால்மணி நேரம். கடையில் வெங்காய மூடை தூத்துக்குடித் தோணியில் வந்தது என்று தெரிந்த அன்று, தேவையில்லாமல் இரண்டு கிலோ வாங்கி வந்தேன்.

செல்வி முதல் இரண்டு வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து அழுதாள். பிள்ளைகள் பெயர் வாயில் நுழையவில்லை. அவர்கள் தங்களுக்குள் திவேஹி மொழியில் பேசிச் சிரித்தால், தன்னைத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் ஐந்து பெயரை ஒரு தாளில் எழுதி வந்து என்னிடம் கொடுப்பாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவேன். அவள் அந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கும், எந்தக் கணக்கில் தப்பு விடும் என்று சொல்வாள். ஒரு மாதத்தில் வகுப்பு முழுக்க எனக்கே மனப்பாடம். ஒன்பதாவதில் விட்ட பள்ளிக்கூடத்துக்கு நான் திரும்பப் போனது அப்படித்தான்.

விசா விதிப்படி நான் வேலை பார்க்கக் கூடாது. சமைத்தேன், துவைத்தேன். எங்கள் தெருவில் யாராவது பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ. அங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரம்மா மட்டும், என் சாம்பாரைக் கொஞ்சம் குடித்துப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து மீன் ரசம் கொண்டுவந்து தர ஆரம்பித்தாள்.

மூன்றாவது மாதம் கண் வலித்தது. அது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அங்கே வாரத்தின் முதல் வேலை நாள். மறுநாள் காலை உடம்பு அடுப்பாகக் கொதித்தது. எலும்பெல்லாம் நொறுங்குகிறது என்றாள். சுகாதார நிலையத்துக்குப் போகலாம் என்றேன்.

"லீவு போட்டா பேர் கெட்டுரும். இன்னும் வேலைய நிரந்தரமாக்கல. உங்க செட்ட எடுங்க," என்றாள்.

உங்க செட்டு என்று அவள் சொன்னதில் எனக்கு ஒரு பெருமை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மூன்று வேளையும் கொடுத்தேன். காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. புதன்கிழமை பள்ளிக்கூடம் போனாள். வியாழக்கிழமை காலை, கரும்பலகை முன்னால் நின்றவள் வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப் போனபோது அவள் பல்லிடுக்கில் ரத்தம்.

சுகாதார நிலையத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டெங்கு (பகலில் கடிக்கும் கொசு பரப்பும் காய்ச்சல்). உடனே வேகப்படகில் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் தீவுக்கு அனுப்பினார்கள். படகில் அவள் தலை என் மடியில். அலையில் படகு தூக்கிப் போட்டபோதெல்லாம் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

அங்கே இருந்த டாக்டர் கேரளத்துப் பெண். கோயம்புத்தூரில் படித்தவர், தமிழ் நன்றாகப் பேசினார். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து என்றார். பிளேட்லெட் (ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள்) குறையும், ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்றார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

"காய்ச்சலுக்கு என்ன மாத்திரை கொடுத்தீங்க?"

பகல் பதினோரு மணி. அவருக்குப் பின்னால் சுவரில் கடிகாரம் இருந்தது. எனக்கு மாத்திரை ஞாபகம் வரவில்லை. கஸ்டம்ஸ்தான் ஞாபகம் வந்தது. சீட்டு இல்லாமல், அட்டை இல்லாமல், வத்தல் டப்பாவில் ஒளித்துக் கொண்டுவந்த மாத்திரை. சொன்னால் போலீஸ் வரும், செல்வி வேலை போகும், இரண்டு பேரையும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

"பாரசிட்டமால்," என்றேன்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல மேடம்."

அவர் எழுதிக்கொண்டார்.

அன்று முழுக்க அவளுக்கு எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்து குறிப்பது என் வேலை. சரியாகச் செய்தேன். ஒரு துளி விடவில்லை. பொய் சொன்னவன் மற்ற எல்லாவற்றிலும் எவ்வளவு ஒழுங்காக இருப்பான் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

தட்டணு ஒவ்வொரு தடவையும் குறைந்தது. டெங்குவில் அது நடப்பதுதான் என்றார் டாக்டர். மறுநாள் காலை செல்விக்கு மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிற்று. அவள் கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. டாக்டர் வந்து அவள் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"வயித்துக்குள்ள ரத்தம் கசியுது. இந்த அளவுக்கு ஏன்னுதான் யோசிக்கிறேன்," என்று நர்ஸிடம் சொல்வதுபோல் சொன்னார்.

அப்போது ஏழு மணி. என்னை அறியாமல் எழுந்து நின்றிருந்தேன்.

"மேடம், பாரசிட்டமால் மட்டும் இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "பேர் தெரியணும். இப்பவே," என்றார்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். பின்னால் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது.

"ஏலே, மாலத்தீவு மாப்பிள. என்ன, காலங்காத்தால?"

"அண்ணாச்சி, அந்தச் செட்டுல ரோஸ் கலர் மாத்திர என்னது?"

"எந்த ரோஸு? வெளிர் ரோஸா, கத்தரிப்பூ ரோஸா?"

"வெளிர்தான் அண்ணாச்சி. சின்னது."

"என்னத்துக்குக் கேக்க? சரியாயிட்டுல்லா?"

"செல்விக்கு டெங்கு. ரத்தம் போவுது."

ஷட்டர் சத்தம் நின்றது.  பிறகு அவர் குரல் வேறு ஆள் குரல் மாதிரி வந்தது. "டாக்டர்ட்ட கொடு."

நாலு பெயரையும் நிறத்தோடு சொன்னார். டாக்டர் திரும்பச் சொல்லி எழுதிக்கொண்டார். ஒன்று டைக்ளோஃபினாக் (வலி மாத்திரை; டெங்குவில் கொடுத்தால் வயிற்றில் ரத்தம் கசிய வைக்கும்). ஒன்று ஸ்டீராய்டு (காய்ச்சலை அமுக்கிக் காட்டும், நோயைத் தீர்க்காது). மற்ற இரண்டும் பெரிய தொந்தரவு இல்லாதவை. எங்கள் ஊரில் லாரிக்காரனை மறுநாளே எழுப்பி விட்டது முதலில் சொன்ன அந்த இரண்டும்தான்.

"நேத்தே சொல்லியிருந்தா வயித்துக்கான ஊசிய நேத்தே தொடங்கியிருப்போம்," என்றார் டாக்டர். அவ்வளவுதான் சொன்னார். இன்றைக்கும் அது காதில் இருக்கிறது.

வயிற்றுக்கு ஊசி மருந்து ஏற்றினார்கள். ரத்தம் ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை, எல்லோருக்கும் விடுமுறை. எங்கள் தீவிலிருந்து அவள் வகுப்புப் பிள்ளைகளின் தகப்பன்மார் மூன்று பேர் படகில் வந்து ரத்தம் கொடுத்தார்கள். அவர்கள் பிள்ளைகள் எந்த வரிசையில் உட்காரும் என்று எனக்குத் தெரியும். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பிள்ளைகள் பெயரை மட்டும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர்கள் தலையாட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரத்தம் நின்றது. செவ்வாய்க்கிழமை செல்வி, "இட்லி கெடைக்குமா இங்கன?" என்று கேட்டாள். கிடைக்காது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

டெங்கு போன பிறகும் லேசில் விடாது. தலைமுடி கொத்தாகக் கொட்டியது. சோற்றைப் பிசைந்தால் கை வலித்தது. இதையும் நீங்கள் எதிர்பார்த்திருங்கள், பதறாதீர்கள். மூன்று வாரம் லீவு கொடுத்தார்கள். வேலையும் போகவில்லை, போலீஸும் வரவில்லை.

தினமும் சாயங்காலம் நடக்கப் போனோம். முதல் நாள் வாசல் வரை. இரண்டாம் நாள் பப்பாளி மரம் வரை. ஐந்து வீடு, பத்து வீடு. அவள் நாலு எட்டு வைத்து நிற்பாள், நானும் நிற்பேன். ஒரு எட்டுக்கும் அடுத்த எட்டுக்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன். யார் வீட்டில் மீன் வேகிறது, எந்தச் சுவரில் பவழக்கல் தெரிகிறது, எல்லாம். என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் எவை என்று கேட்டால், அந்த மூன்று வாரத்தைச் சொல்ல எனக்குக் கூச்சம். ஆனால் அதுதான் வாயில் வருகிறது.

கடைசி வாரம் படகுத்துறை வரை நடந்துவிட்டாள். அங்கே கல்லில் உட்கார்ந்தபோது சொன்னேன்.

"டாக்டர் கேட்டப்ப நான் பொய் சொல்லிட்டேன் செல்வி. மறுநாள் காலைலதான் உண்மையச் சொன்னேன்."

அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தன மணி நேரம்?"

"இருபது."

காலில் ஒட்டிய மணலை ஒவ்வொரு விரலாகத் தட்டிவிட்டாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"படகுல ஏத்துனது ஞாபகம் இருக்கு," என்றாள் பிறகு. "அதுக்கப்புறம் வெள்ளையா இருக்கு. எனக்கு அந்த இருபது மணி நேரமே கெடையாது. நீங்கதான் இருந்திருக்கிய. என்ன நடந்துச்சுன்னு ஒண்ணு விடாமச் சொல்லுங்க. பொய் சொன்னதுல இருந்து ஆரம்பிங்க."

சொன்னேன். எந்த மணிக்கு எவ்வளவு தண்ணீர், எப்போது முனகினாள், எப்போது என் பெயரைச் சொன்னாள், அப்போதும் நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு இடத்தில் என் கையைத் தள்ளிவிட்டாள். முடித்தபோது எழுந்திருக்க அதே கையைக் கேட்டாள்.

மூன்று வருஷம் அங்கே இருந்துவிட்டு வந்தோம். இப்போது அவள் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறாள். எனக்கு ஒரு மாத்திரை வாங்கினாலும் பெயரைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் தருகிறாள். அண்ணாச்சி என் தலையைப் பார்த்தால் அட்டையோடு கொடுக்கிறார்.

சாயங்காலம் துறைமுக ரோட்டில் நடக்கப் போகிறோம். லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும். அவளுக்கு முடி வளர்ந்துவிட்டது, பழைய வேகமும் வந்துவிட்டது. விறுவிறு என்று முன்னால் போகிறாள். என் கால் மட்டும் நாலு எட்டு வைத்ததும் தானாக நிற்கிறது. வேண்டுமென்று செய்வதில்லை. அந்த நடையை அதற்குப் பழக்கிவிட்டேன், திரும்ப மாற்ற முடியவில்லை.

"சோறு திங்கலையா இன்னைக்கு? ஆடி அசைஞ்சு வாரிய," என்று தூரத்தில் நின்று திரும்பிப் பார்க்கிறாள்.

"நீ போ, வாரேன்," என்கிறேன். அவள் போவதில்லை. நான் வந்து சேரும்வரை அங்கேயே நிற்கிறாள்.