கரண்ட் அடிக்கிற பைப்

"பைப்பத் தொட்டா விறுவிறுக்குதுடி" என்று முதலில் சொன்னது எனக்கு மூத்தவ, என் ராத்தாதான். கிண்ணியாவில் எங்கள் வளவுக் கிணற்றுக்கு நான் மோட்டார் பூட்டி இரண்டு கிழமைகூட ஆகவில்லை. என் சம்பளத்தில் வாங்கிய மோட்டார். அதைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்குமா? "தண்ணி அள்ளி முதுகு உடையுது எண்டு அழுதது நீங்கதானே? இப்ப இதுக்கும் ஒரு நொட்டையா?" என்று சீறி விழுந்தேன்.

நொட்டை எங்கே என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். மோட்டாரின் வெளிக்கோதும் பைப்பும் ஒட்டிக் கிடக்கும் இரும்பு; அந்தக் கோதிலிருந்து மண்ணுக்குள் ஒரு வயர் இறங்க வேண்டும். கரண்ட் கசிந்தால் ஆளிடம் வராமல் அந்த வயர் வழியே மண்ணுக்குப் போய்விடும். வயரிங் செய்தவர் அந்த வயர் கைவசம் இல்லை, அடுத்த கிழமை டவுனிலிருந்து பாதைப்படகில் வரும்போது கொண்டு வாறன் என்றார். ஆள் வரவேயில்லை. டவுனுக்குப் போய் அவரைக் கையோடு கூட்டிவர எனக்கு ஒரு சனிக்கிழமை போதும். நானும் போகவில்லை. தாள் திருத்தினேன், கல்யாண வீட்டுக்குப் போனேன், சும்மா படுத்தும் கிடந்தேன்.

அந்த நாட்களில் வகுப்பிலும் அதே பாடம்தான். மின்னழுத்தம் இருநூற்று முப்பது வோல்ட், அது மாறாது. எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதைத் தடைதான் தீர்மானிக்கும். காய்ந்த தோலுக்குத் தடை அதிகம். நனைந்தால் தடை குறையும், ஓட்டம் கூடும். பின் வாங்கில் இருந்த ஒருத்தி, "அப்ப டீச்சர், ஈரக் கையால தொட்டா?" என்றாள். "மௌத்துதான், உசிர் போயிடும்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன்.

வீட்டில் ராத்தாவுக்கு ஒரு வைத்தியம் சொல்லிவைத்தேன். "செருப்பப் போட்டுக்கொண்டு தொடுங்க. ரப்பருக்குள்ளால கரண்ட் போக ஏலாது." பாவம், படிச்சவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கேட்டுக்கொண்டா.

மாரி மழை பிடித்தது. மோட்டாருக்கு மேலே மூடியிருந்த தகரம் ஒழுகத் தொடங்கியது. "இப்ப செருப்போடயும் சுள்ளெண்டுது புள்ள. நாளுக்கு நாள் கூடுது" என்றா ராத்தா. ஒழுக்கில் மோட்டார் நனைகிறது என்று எனக்கு விளங்கியது. ஆனாலும் வாய் என்ன சொன்னது தெரியுமா? "பாப்பம்."

ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம். மழை சற்று விட்டிருந்தது. தொழுகைக்கு முன் கைகால் கழுவ, ராத்தா வுழு எடுக்கப் போனா. கை, முகம் எல்லாம் கழுவிக் கடைசியில் காலையும் கழுவ வேண்டுமே, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஈரச் சீமெந்தில் வெறுங்காலோடு நின்றிருக்கிறா. காலைக் கழுவி முடித்துப் பைப்பை மூடக் கை வைத்தா. "யா அல்..." என்று பாதிச் சத்தம்தான் எனக்குக் கேட்டது.

ஓடிப் போனால், பிடித்த கை விடவில்லை. உடம்பு கிடந்து நடுங்குகிறது. உம்மா அலறிக்கொண்டு அவவைப் பிடிக்கப் பாய்ந்தா. நான் உம்மாவைத் தள்ளி விழுத்திவிட்டு, "தொடாதீங்க!" என்று கத்தியபடி முன்னறைக்கு ஓடி மெயின் சுவிச்சை இழுத்தேன். திரும்பி வர ராத்தா நிலத்தில் கிடந்தா. கண் திறந்தபடி. கூப்பிட்டேன், உலுக்கினேன், கன்னத்தில் அடித்தும் பார்த்தேன். போய்விட்டா.

ஜனாஸா எடுத்து அடக்கிய பிறகும் சனம் வந்துகொண்டே இருந்தது. வந்தவர்களிடமெல்லாம் நான் அழுதழுது ஒரே கதையைத்தான் சொன்னேன்: செருப்புப் போடச் சொன்னேனே, வுழு எடுக்கையில் கழற்றுவா என்று எனக்கு உறைக்கவில்லையே. உம்மா சுவரோடு சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தா. கடைசி ஆளும் போன பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டா.

"மோட்டார் வந்த நாள் துவக்கம் நீ ஒரு நாளும் அந்தப் பைப்புல வுழு எடுக்கல்ல. கிணத்துல வாளியாலதான் அள்ளினாய். ஏன் புள்ள?"