சுவரில்லாத வாசற்கால்

இன்று நான் சொல்லாமல் வந்தது ஒரே ஒரு விஷயம்: அரசு மானியத்தை நிறுத்திவிட்டது, கட்டிடம் வராது.

அதைச் சொல்லத்தான் அலுவலகத்தில் என்னைத் திருவானைக்காவலுக்கு அனுப்பினார்கள். முதியோர் கல்விக் கூடத்துக்காகப் பூஜை போட்டு நிறுத்திய வாசற்கால் மட்டும் வெட்டவெளியில் நின்றது. சுவர் எழும்பவே இல்லை.

சாயங்காலம் பெண்கள் படிக்க வந்தார்கள். காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, வாசற்காலுக்குள் தலை குனிந்து நுழைந்து, அதே மண்ணில் வாத்தியாரம்மாவின் முன் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

நான் பக்கவாட்டில் நடந்து போனேன்.

"அங்க சுவரும்மா! வாசல் வழியா வாங்க" என்றார் காந்தி மார்க்கெட்டில் காய் விற்கும் செல்லம்மா.

சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. திரும்பிப் போய் வாசல் வழியாக வந்தேன்.

"ஆபீஸ்லேருந்துதானே வரீங்க? கூரை எப்பங்க போடுவீங்க?" என்று கேட்டாள் ஒருத்தி.

"கூரைக்கு என்னடி அவசரம்? நீ முதல்ல ஆவன்னாவ நேரா எழுது" என்றாள் இன்னொருத்தி.

"எனக்கு பஸ் போர்டு படிக்க வந்தாப் போதும்" என்றார் செல்லம்மா. "மக மணப்பாறையில இருக்கா. யாரையும் கேக்காம நானே போயிடுவேன்."

நானும் வரிசையின் கடைசியில் உட்கார்ந்துகொண்டேன். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? எழுதுங்கள்.

இருட்டுவதற்குள் காண்டிராக்டரின் வண்டி வந்தது. ஆட்கள் வாசற்காலைப் பெயர்த்து ஏற்றிக்கொண்டு போனார்கள். வாத்தியாரம்மா பாடத்தை நிறுத்தவில்லை.

பாடம் முடிந்ததும் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, அது நின்ற இடத்தில் தலை குனிந்து வெளியே போனார்கள்.