கண்ணன், கண்ணனை, கண்ணனால்

எதிர்வீட்டுச் சிறுமி நேற்று மாடியில் நடந்துகொண்டே 'கண்ணன், கண்ணனை, கண்ணனால், கண்ணனுக்கு' என்று உருப்போட்டாள். நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். இலக்கணத்தோடு எனக்கிருந்த பழைய பகை என்று நினைத்துவிடாதீர்கள். அது பரீட்சையோடு தீர்ந்தது.

படிப்பு முடிந்து கிடைத்த முதல் வேலை, ஒரு மொழியியல் பேராசிரியருக்கு டேப்ரெக்கார்டர் சுமப்பது. கழுதைக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், எனக்கு மத்தியானம் கடம்பூர் போளி கிடைக்கும். கரிசல் ஊர்களில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்களைத் தேடிப் போவோம். வேற்றுமை உருபுகளில் பல ஒரு காலத்தில் தனியாக நடமாடிய சொற்கள் என்பார் அவர். 'வீட்டில்' என்பதில் ஒட்டியிருக்கும் 'இல்'லுக்கே வீடு என்றுதான் பொருளாம். தெலுங்கின் 'லோ'வும் நம் 'உள்'ளும் உடன்பிறப்பாம். 'கு' மட்டும் இரண்டிலும் தேயாமல் கிடக்கிறதாம். போளியை மென்றுகொண்டே தலையாட்டுவேன்.

எப்போதும்வென்றான் என்ற ஊர்ப் பக்கம், வெள்ளாமை பார்க்கும் ஒரு சம்சாரி வீடு. மழை பொய்த்துப்போய், வீட்டுக்காரர் பட்டாசு ஆலை வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவியிடம் பேராசிரியர் கேட்டார்: "'கண்ணனைக் கூப்பிட்டேன்', இதைத் தெலுங்குல சொல்லுங்கம்மா."

அந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அது எங்க வீட்ல அவிய பேருல்லா! நான் சொல்லலாமா? ஆயுசு குறைஞ்சிராதா?"

"என் பேர வச்சுக்கிடுங்கக்கா. இன்னும் கல்யாணம் ஆவல. எம்புட்டுக் குறைஞ்சாலும் கேக்க ஆளில்ல" என்றேன்.

சிரித்தபடியே என்னைத் தெலுங்கில் கூப்பிட்டார், எனக்குக் கஞ்சி ஊற்றினார், என்னோடு சந்தைக்குப் போனார், என்னைக் கம்பால் அடித்தார். பாதி உருபு மிச்சமிருக்கும்போது ஒருவர் சைக்கிளைத் தெருவில் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஆலை வெடித்துவிட்டது.

நாங்கள் வந்த காரிலேயே அக்காவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். "ஆள் பேரு என்ன?" என்றார் வாசலில் நின்றவர். அக்கா என்னைப் பார்த்தார். அப்போதும் அவர் வாயில் வரவில்லை. சொல்லாத வரைக்கும் ஆள் இருப்பாரல்லவா? நான்தான் சொன்னேன். பின்கட்டில் இருந்த பிணவறைக்கு அனுப்பினார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை. காலைப் பார்த்த பிறகுதான் அக்கா அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினார், அத்தனை வருஷமும் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து.

போன மாதம் அந்த வழியாகப் போனேன். அக்கா இப்போது இல்லை. மகள் அதே வீட்டு முன்னால் டீக்கடை போட்டிருக்கிறாள்.

"உங்க அம்மா பேசுன தெலுங்கு உனக்கு வருமாம்மா?"

"அதெல்லாம் அம்மாவோடயே போச்சு அண்ணாச்சி" என்றவள், வீட்டுக்குள் இருந்த புருஷனைப் பார்த்துச் சாதாரணமாகக் குரல் கொடுத்தாள்: "முருகா, பால எடுத்துட்டு வா."

உள்ளே சத்தமே இல்லை. நான் எழுந்து வாசல்வரை போய்விட்டேன்.

"இந்தா வாரேன்ட்டி" என்று குரல் வந்த பிறகுதான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.